வீட்டை வாசித்தல்: புறக்கோட்டை ஒல்லாந்தர் நூதனசாலை பற்றிய ஒரு விமரிசனக் குறிப்பு

கவிதை, நாவல், நாடகம், திரைப்படம் ஆகியன பற்றி விமரிசனம் எழுதும் மரபு எம்மிடையே ஓரளவு வேரூன்றிவிட்டது. நூதனசாலையை அவ்வாறு நோக்கும் வழக்கமோ இன்னும் உருவாகவில்லை. பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதே பெரும்பாலோரின் அனுபவமாகும். ஆயினும் நூதனசாலை என்பது யாரோ சிலர் ஒரு நோக்குடன் தெரிந்து, தொகுத்து, ஒழுங்குபடுத்தி எமக்குக் கூறும் கூற்றேயாகும். கூற்று எனும்போது, அது எதைக் கூறுகிறது, எவர் வாயிலாகக் கூறுகிறது, எதைக் கூறாது விடுகிறது என்ற வினாக்கள் தவிர்க்க இயலாதவை.

நூதனசாலைகளுள் வீட்டு நூதனசாலை ஒரு தனி வகை. அரச நூதனசாலையின் மண்டபத்திலே நாம் அந்நியராக நிற்கிறோம். வீட்டு நூதனசாலையிலோ விருந்தினராக வரவேற்கப்படுகிறோம். வாயிலால் நுழைகிறோம், படியேறுகிறோம், உணவு மேசையைப் பார்க்கிறோம், கட்டிலைப் பார்க்கிறோம். வீட்டுக்காரர் சற்று முன்னர்தான் வெளியே சென்றார் என்ற மயக்கம் உண்டாகிறது. இம்மயக்கமே இவ்வகையின் கவர்ச்சியும் ஆபத்துமாகும். விருந்தினனுக்கு வீட்டுக்காரனின் கண்களைத் தவிர வேறு கண்கள் அங்கு வழங்கப்படுவதில்லை. அடுக்களையின் பின்வாயிலால் நுழைந்து, சுமையை இறக்கிவிட்டு, அதே வழியாக வெளியேறியவனின் கண்களால் அவ்வீட்டை நாம் ஒருபோதும் காண்பதில்லை.

கொழும்புப் புறக்கோட்டையின் பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் காலக் கட்டடம் இவ்வகையில் எமக்கு மிக அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இவ்வீடு, 1692 முதல் 1697 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக விளங்கிய தோமஸ் வன் ரீயின் உறைவிடமாக இருந்தது. முகப்பிலே பருத்த தூண்கள், தடித்த சுவர்கள், செங்குத்தான ஓட்டுக்கூரை, இரண்டு மாடிகள், உள்ளே முற்றம், முற்றத்தில் கிணறு என அமைந்த வீடு இது. தேசாதிபதிக்குப் பின்னர் இது சமய ஊழியரையும் ஆசிரியரையும் பயிற்றும் இடமாகவும் அநாதை இல்லமாகவும் இருந்திருக்கிறது. 1796இல் கொழும்பு பிரித்தானியர் வசமானபின் ஒரு பிரபுவின் தனி இல்லமாயிற்று. பின்னர் படையினரின் மருத்துவமனை, ஆயுதசாலை எனப் பல வேடங்கள் பூண்டு, இருபதாம் நூற்றாண்டிலே புறக்கோட்டைத் தபாற் கந்தோராக 1971 வரை இயங்கியது. அதன்பின் பாழடைந்து, மழையில் சுவர் இடிந்து, 1977 அளவில் அதனைக் காக்கும் எண்ணம் வலுப்பெற்று, நெதர்லாந்தின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 1982இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் முதலில் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. முந்நூறு ஆண்டுகளில் எட்டுத் தொழில் பார்த்த ஒரு கட்டடத்தை எந்த ஆண்டுக்குப் புதுப்பிப்பது? புதுப்பித்தல் என்பது பழையதை மீட்டல் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் அது தெரிவு. ஒரு காலத்தை மீட்பதற்காகப் பல காலங்கள் சுரண்டி அகற்றப்படுகின்றன. இங்கு மீட்கப்பட்டது தேசாதிபதியின் காலம்; போனது தபாற் கந்தோர். அக்கந்தோரில் கருமபீடத்தின் முன் வரிசையில் நின்றவர் யார்? புறக்கோட்டைச் சில்லறைக் கடைகளிற் பணியாற்றிய யாழ்ப்பாணத்து இளைஞர், மலையாளத்துத் தொழிலாளர், தென்பகுதிக் கிராமங்களிலிருந்து வந்த சுமை தூக்குவோர், இந்திய வணிகர் ஆகியோரே அப்பகுதியின் மக்கள். வீட்டுக்குக் காசுக்கட்டளை அனுப்பவும் கடிதம் போடவும் அவர்கள் இத்தூண்களுக்கிடையே நுழைந்திருப்பர். ஐந்தாண்டு ஆண்ட தேசாதிபதியைவிட அவர்களுக்கு இக்கட்டடத்தின்மீது உரிமை குறைவு என்று எவ்வாறு கூறுவது? கட்டடக்கலையை நோக்குவோர், ஒல்லாந்தர் கால நகர வீடுகள் கொழும்பில் அருகிவிட்டமையால் இத்தெரிவு நியாயமானதே என்பர். அதனை மறுப்பதற்கில்லை. இது ஒரு தெரிவு என்பது பார்வையாளனுக்கு உணர்த்தப்பட வேண்டும் என்பதே எனது வாதம்.

இனி உள்ளே செல்வோம். இங்குள்ள சேகரிப்பு தளபாடங்கள், பீங்கான்கள், நாணயங்கள், ஆயுதங்கள், கல்லறைக் கற்கள் என்று வகைப்படும். இவற்றுள் தளபாடங்களே பார்வையாளனைத் தடுத்து நிறுத்துவன. கருங்காலியிலும் முதிரையிலும் கடைந்தெடுத்த கால்கள், பிரம்பு பின்னிய இருக்கைகள், பித்தளைப் பூண் இட்ட பெட்டகங்கள் ஆகியவற்றின் அழகைப் பழிப்பது மூடத்தனம். அழகிய பொருளைக் கண்டவுடன் 'இது சுரண்டலின் சின்னம்' என்று கூறி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விமரிசனம் எமக்கு நன்கு பழக்கமானது. அது பொருளையும் பார்ப்பதில்லை, சுரண்டலையும் விளக்குவதில்லை.

இவ்வகைத் தளபாடங்களை 'ஒல்லாந்தத் தளபாடம்' என்றே அழைக்கிறோம். ஆர். எல். புரோகியர் முதலியோர் இத்துறையிற் செய்த பணி பெறுமதி வாய்ந்தது. ஆயினும் 'ஒல்லாந்த' என்ற அடைமொழி வாங்கியவனைக் குறிக்கிறதேயன்றிச் செய்தவனைக் குறிக்கவில்லை. மரம் இந்நாட்டுக் காட்டினது. கை இந்நாட்டு, சோழமண்டலக் கரைத் தச்சனது. செதுக்கிய கொடிக்கருக்கும் பெரும்பாலும் அவன் மரபிலிருந்து வந்ததே. இங்கிலாந்திலே நிகழ்ந்த ஒரு வேடிக்கையை இவ்விடத்துக் குறிப்பிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளரான ஹொரேஸ் வோல்போல், லண்டனுக்கு அண்மையிலுள்ள தமது ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகைக்கெனக் கருங்காலி ஆசனங்களைத் தேடித் தேடி வாங்கினார். அவை தூடர் மன்னர் காலத்து ஆங்கிலக் கைவினை என்பது அவர் நம்பிக்கை. அவரைப் பின்பற்றி வேறு பலரும் அவ்வாறே நம்பினர். அவை பதினேழாம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரையிற் செய்யப்பட்டவை என்பது பின்னரே தெளிவாயிற்று. செய்தவனின் பெயர் ஒருமுறை தொலைந்துவிட்டால், அவன் ஆக்கத்துக்கு எவரும் உரிமை கோரலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அம்மாளிகையும் இன்று ஒரு வீட்டு நூதனசாலையே.

தச்சனையாவது நாற்காலி வாயிலாக ஊகிக்கலாம். வீட்டின் அன்றாட வேலையைச் செய்தவரை எதன் வாயிலாக அறிவது? பீங்கான் தட்டில் உணவு எவ்வாறு வந்தது? கிணற்றிலிருந்து மேல் மாடிக்கு நீர் எவ்வாறு ஏறியது? நான் சென்ற வேளை, முற்றத்துக் கிணற்றைச் சூழ்ந்து நின்ற பாடசாலைப் பிள்ளைகளுள் ஒரு சிறுமி, இதிலிருந்து அள்ளியவர் யார் என்று தன் ஆசிரியையிடம் கேட்டாள். 'வேலைக்காரர்' என்று ஆசிரியை பதிலளித்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. எம்மிடம் உள்ள சொல் அதுதான். ஆனால் அச்சொல் கூலியையும் விடுப்பையும் விலகிச் செல்லும் உரிமையையும் உட்கொண்ட சொல். கும்பனி அதிகாரியின் வீட்டிலே நீர் அள்ளியவர் பெரும்பாலும் அவற்றுள் எதுவும் இல்லாதவர். அவர் அடிமை.

இவ்விடத்திற் சில வரலாற்றுச் செய்திகளை நினைவுகூர்தல் வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டுகளிலே தஞ்சை நாடு படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் சீரழிந்தது. 1659 முதல் 1661 வரை நாகபட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 வரையிலான அடிமைகளைக் கும்பனி வாங்கியது என்றும், அவர்களுட் பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர் என்றும் வரலாற்றறிஞர் மார்க்கஸ் விங்க் எடுத்துக்காட்டியுள்ளார். தஞ்சைத் தரணியின் உழவர், நெசவாளர், தாய்மார், சிறுவர் எல்லோரும் அத்தொகையுள் அடங்குவர். பின்னர், செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை முற்றுகையிட்டிருந்த 1690 தொடக்கம் 1698 வரையான காலத்தில், அதே துயரம் மீண்டது. 1694 முதல் 1696 வரையிலான குறுகிய காலத்தினுள் 3,500க்கும் மேற்பட்ட அடிமைகள் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர் எனக் கும்பனிப் பதிவுகள் காட்டுகின்றன. இம்முறை வாங்கியோர் தனியார்.

ஆண்டுகளை மீண்டும் பாருங்கள். அவை பிரின்ஸ் வீதி வீட்டின் தேசாதிபதி தோமஸ் வன் ரீயின் ஆட்சி ஆண்டுகளே. 1697இல் அவர் தமக்குப் பின்வந்த கெரிற் டி கீருக்கென எழுதி வைத்த நினைவுக் குறிப்பு ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு நூலாக வந்துள்ளது. யாழ்ப்பாணத்துத் தளபதியாகவிருந்த ஸ்வார்தக்குரூனின் 1697ஆம் ஆண்டுக் குறிப்பும் அச்சில் உண்டு. ஆக, இவ்வீட்டை அதன் காலத்துப் பெருநிகழ்ச்சியோடு இணைப்பதற்குப் புதிய அகழ்வு எதுவும் வேண்டியதில்லை. நூலகத் தட்டிலிருந்து இரண்டு நூல்களை எடுத்தாற் போதும். கும்பனியின் கொழும்பு ஆவணங்கள் எமது தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. பல நாடுகளிற் பரந்துள்ள கும்பனி ஆவணத் தொகுதியின் பகுதியாக 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவையும் இடம்பெற்றன. பிரின்ஸ் வீதிக்கும் அத்திணைக்களத்துக்கும் இடையே சில மைல் தூரமே. நாற்காலி ஓரிடத்தில், அந்நாற்காலிக்குரியவன் எழுதிய கணக்கு வேறோரிடத்தில் என்று பிரிந்து கிடப்பதுதான் எமது வரலாற்றறிவின் நிலைமை.

ஊர்ப் பெயர்களும் இப்பிரிவுக்குத் துணைபோகின்றன. பேர வாவியின் கரையிலுள்ள பகுதியை ஆங்கிலம் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தது. கும்பனி தன் அடிமைகளை இரவில் அங்கே அடைத்து வைத்தது என்பதே அப்பெயரின் வரலாறு. தமிழில் நாம் வழங்கும் பெயர் கொம்பனித்தெரு. அடிமை போய்க் கும்பனி நின்றது! பெயரைத் திட்டமிட்டு மாற்றியவர் எவரும் இருந்திருக்க வேண்டியதில்லை. மொழி தானாகவே வலியோன் பக்கம் சாய்வதுண்டு.

பிற நாடுகளில் இச்சிக்கல் எவ்வாறு கையாளப்பட்டது? இரண்டு வீடுகளை மட்டும் நோக்குவோம். அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலுள்ள மொன்ரிசெல்லோ, சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சனின் இல்லம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று எழுதியவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 600 பேரை அடிமைகளாக வைத்திருந்தார். வீட்டின் அமைப்பே அவர்களை மறைக்கும் வண்ணம் சூழ்ச்சியுடன் செய்யப்பட்டது. உணவறையில் வைன் போத்தல்கள் சுவரினுள்ளிருந்து மேலெழுந்து வரும். தட்டுகள் சுழலும் கதவொன்றின் மூலம் உள்ளே வரும். கொண்டுவந்த கையை விருந்தினர் காணமாட்டார். 1923இல் நூதனசாலையாவதற்கென வாங்கப்பட்ட இவ்வில்லம், பல தசாப்தங்கள் அவ்விருந்தினரின் பார்வையிலேயே தன்னைக் காட்டிக்கொண்டது. 1993 அளவில் அடிமைகளின் வாழ்க்கை பற்றிய தனிச் சுற்றுகள் ஆரம்பமாயின. அதே ஆண்டில் அவர்களின் வழித்தோன்றல்களைத் தேடி வாய்மொழி வரலாறுகளைத் தொகுக்கும் முயற்சியும் தொடங்கிற்று. ஜெபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண்ணான சாலி ஹெமிங்ஸ் பற்றிய காட்சி 2018இல் அவ்வில்லத்திலேயே திறக்கப்பட்டது. இம்மாற்றம் நிருவாகிகளின் பெருந்தன்மையால் மட்டும் விளைந்ததன்று. 'எங்கள் பாட்டி எங்கே?' என்று கேட்டுக்கொண்டு வாயிலில் நிற்க ஒரு மக்கட் கூட்டம் அங்கு இருந்தது.

மற்றையது செனகல் நாட்டின் கோறே தீவிலுள்ள அடிமைகளின் இல்லம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இவ்வீட்டில் தளபாடம் பார்ப்பவர் எவருமில்லர். வெற்று அறைகளும் கடலை நோக்கித் திறக்கும் ஒரு வாயிலுமே காட்சி. நீண்டகாலம் அதன் காப்பாளராகவிருந்த புபாகர் ஜோசப் நிடியாய், இலட்சக்கணக்கானோர் அவ்வாயிலாற் சென்றனர் என்று உணர்ச்சி ததும்பக் கூறிவந்தார். பிலிப் கேட்டின் முதலிய வரலாற்றாசிரியர் இதனை மறுத்தனர். கோறேயிலிருந்து ஆண்டுக்குச் சில நூறு பேரே அனுப்பப்பட்டனர் என்பதும், அவ்வாயிலூடாக அவர்கள் ஏற்றப்பட்டமைக்குச் சான்றில்லை என்பதும் அவர்கள் வாதம். துயரத்தின் அளவைப் பெருக்கிக் காட்டினால் என்ன தவறு என்று கேட்போர் உளர். தவறு உண்டு. ஒரு பொய்க் கணக்கு வெளிப்பட்டதும் மெய்க் கணக்கையும் நம்பாதிருக்க விரும்புவோருக்கு வசதியாகிவிடுகிறது. பிரின்ஸ் வீதியில் நாளை எவரேனும் ஓர் அறையைக் காட்டி 'அடிமைகள் இங்கேதான் பூட்டப்பட்டனர்' என்று சான்றின்றிக் கூறத் தொடங்குவாராயின், அதனையும் நாம் எதிர்த்தே ஆகவேண்டும்.

கொழும்பில் வாயிலில் நின்று கேட்கும் மக்கட் கூட்டம் ஏன் உருவாகவில்லை? இங்குதான் விமரிசனம் எம்மை நோக்கித் திரும்புகிறது. மேலே 'வாங்கியோர் தனியார்' என்றேன். அத்தனியார் எல்லோரும் ஒல்லாந்தர் அல்லர். யாழ்ப்பாணத்து நிலவுடைமையாளரும் தம் வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிமைகளை வாங்கினர். எமது பல்கலைக்கழகத் தமிழ் உலகம் பெருமையுடன் நினைவுகூரும் வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்த ஆவணங்களைக் கற்று இக்காலத்து யாழ்ப்பாணச் சமுதாயத்தின்மீது நிறைந்த ஒளி பாய்ச்சியுள்ளார். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707இல் தொகுத்த தேசவழமையை எம்மவர் பன்னிரு முதலியார் பரிசீலித்து ஏற்றனர். சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று இன்றும் வழக்காடுவோர் எடுத்துக்காட்டும் அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள. கோவியர், நளவர், பள்ளர் என்ற பெயர்கள் அவ்விதிகளின் பகுதியிலேயே காணப்படுகின்றன. பிரித்தானியர் 1806இல் இத்தொகுப்புக்குச் சட்ட வலு அளித்தனர். அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1844இலேயே. சோழமண்டலத்திலிருந்து வந்தோரின் சந்ததி இங்கே ஒடுக்கப்பட்ட சாதிகளுட் கலந்துவிட்டது எனக் கருத இடமுண்டு. அவ்வழியை உரிமையோடு கூறி எவர் முன்வருவார்? கூறுவதே இழிவாகும் வண்ணம் சமூகத்தை அமைத்தவர் நாம்.

எம்மவர் எழுத்துகளில் நாற்சார் வீடு ஒரு புனிதச் சின்னமாகிவிட்டது. நடுமுற்றத்திற் பொழியும் மழை, தலைவாசலின் குளிர்மை, அடுக்குப் பானையின் ஒழுங்கு என்று ஏக்கத்துடன் எழுதுவோர் பெருகியுள்ளனர். போரால் இடிந்தும் கைவிடப்பட்டும் போன வீடுகளை நோக்கும்போது அவ்வேக்கம் இயல்பானதே. அதனை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் அவ்வீடுகளுள் ஒன்றை நாளை நூதனசாலையாக்குவோமாயின், ஒல்லாந்தன் வீட்டைப் பார்த்து எழுப்பிய அதே வினாவை அங்கும் எழுப்புவோமா? திண்ணை வரை வரலாம், படி ஏறலாகாது என்ற எல்லைக்கோட்டை எந்தச் சுட்டியில் எழுதுவோம்? கே. டானியல் 'பஞ்சமர்' நாவலை எழுதியது 1972இல். நாவல் துணிந்து நுழைந்த முற்றத்தினுள் நூதனசாலை இன்னும் நுழையவில்லை.

முற்றாக நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. பேராதனையிலிருந்து கம்பளை வழியாகச் செல்வோர் காணத்தக்க ஒரு சிறு நூதனசாலை உண்டு. தேயிலைத் தோட்டமொன்றின் பழைய லயன் அறைகளையே கொண்டு 2007இல் மலையகத் தொழிலாளருக்கென அமைக்கப்பட்டது அது. அந்தானைத் தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களையும் காண்போர், இங்கே கொழுந்துக் கூடையையும் முக்காட்டுக் கம்பளியையும் அடுப்பையும் போன்ற எளிய பொருள்களின் உலகத்தைக் காண்பர். துரை பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாகிவிட்ட நாட்டில், லயனும் ஒரு வீடே, அதற்கும் வரலாறு உண்டு என்று கூறிய முயற்சி இது. கொழும்பு அலுவலகமொன்றின் மூளையில் உதித்ததன்று. அம்மக்களிடையே பணியாற்றியோர் செய்தது. காட்சிப்படுத்தலில் இன்னும் செம்மை வேண்டும் என்பது என் கருத்து. எனினும் நோக்கில் அது பிரின்ஸ் வீதியை வெகுதூரம் முந்திவிட்டது.

கண்டி அரண்மனையிலிருந்து 1765இற் கொள்ளையிடப்பட்ட லெவ்கே திசாவையின் பீரங்கி உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. அதே ஆண்டு யூலை 1ஆந் திகதி அந்நாட்டு மன்னர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கோரினார். பீரங்கி திரும்பியமை பத்திரிகைகளில் முதற்பக்கச் செய்தியாயிற்று. மன்னிப்பு எம் நாட்டில் ஏறத்தாழ எவர் செவியிலும் விழவில்லை. பொருளை மீளப் பெறுவதற்கு அரசு உண்டு, திணைக்களம் உண்டு. நாகபட்டினத்துறையிற் கப்பலேறி வந்தவர்களுக்காக எதையேனும் பெற்றுக்கொள்ள எவர் கையை நீட்டுவது என்பது தெளிவில்லை. தமிழ்த்துறையினரும் வரலாற்றுத்துறையினரும் சேர்ந்து, வன் ரீ, ஸ்வார்தக்குரூன் ஆகியோரின் குறிப்புகளிலிருந்து அவ்வரவு பற்றிய பகுதிகளைத் தமிழாக்கி, சிங்களத்திலும் ஆக்குவித்து, கிணற்றருகே வைக்கத்தக்க ஒரு பலகைக்குரிய வாசகத்தை வரைந்து உரிய திணைக்களத்துக்கு அனுப்பலாம். இரண்டு மாணவரின் ஒரு தவணை உழைப்புக்கு மேல் அதற்கு வேண்டியதில்லை.